குடும்பத்தோடு க்ரூஸ்: முன்கூட்டியே புக் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை கப்பலில் போய் வந்தேன். முதலில் நாலு பேர், அப்புறம் ஐந்து, கடைசியாக ஒன்பது. அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் யாருக்குக் கப்பல் ஆசை வந்தாலும் போன் எனக்குத்தான் வருகிறது. நான் ஏஜென்ட் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். நான் சொல்வது பொதுவான வழக்கம். பணம் கட்டுமுன் உங்கள் நிறுவனத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எவ்வளவு நாள் முன்னாடி புக் பண்ணணும்? ஆறு மாசம் போதாதா?

கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும், எந்த மாதமானாலும் சரி என்றால் ஆறு மாதம் தாராளம். குழந்தைகளோடு, பள்ளி விடுமுறையில், மூன்று நான்கு பேர் ஒரே அறையில் என்றால் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. பெரிய நிறுவனங்கள் பயணத் தேதிக்கு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் முன்பே விற்பனையைத் தொடங்கிவிடுகின்றன. நீங்கள் ஆறு மாதம் முன்னால் போய் நிற்கும்போது, உங்களைப் போன்ற குடும்பங்கள் ஏற்கெனவே ஒரு வருடமாக வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சீசன் சின்னதாக இருக்கும் இடங்களுக்கு இது இன்னும் முக்கியம். அலாஸ்கா சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடும். அதிலும் பிள்ளைகளுக்கு விடுமுறை வரும் வாரங்கள் சில மட்டுமே.

ஒரு வருஷம் முன்னாடியே முழுப் பணத்தையும் கட்டணுமா?

வேண்டாம். முதலில் டெபாசிட் மட்டும். மீதிப் பணத்துக்கு ஒரு கடைசித் தேதி கொடுப்பார்கள். பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 120 நாள் முன்பாக இருக்கும். அந்தத் தேதியை காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டு வையுங்கள், கீழே வரும் பாதிப் பதில்கள் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

டெபாசிட்டில் இரண்டு வகை உண்டு. ரத்து செய்தால் திரும்பக் கிடைப்பது, கிடைக்காதது. திரும்பக் கிடைக்காத வகையில் விலை கொஞ்சம் குறைவாகக் காட்டும், திரையில் அதுதான் முதலில் கண்ணில் படும். ஒரு வருடத்தில் குடும்பத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அதனால் நான் திரும்பக் கிடைக்கும் வகையைத்தான் எடுப்பேன். அந்தச் சின்ன விலை வித்தியாசம் எனக்கு நிம்மதியான தூக்கத்துக்கான கட்டணம்.

கடைசி நேரத்துல விலை பாதியா குறையும்னு சொல்றாங்களே, காத்திருந்தா என்ன?

குறைவது உண்மைதான். ஆனால் எது குறைகிறது என்று பாருங்கள். மீதிப் பணத்துக்கான தேதி தாண்டியதும் ரத்தான அறைகள் சந்தைக்கு வரும். அவற்றைக் காலியாக விடாமல் தள்ளிவிட விலையை இறக்குவார்கள். அதில் பெரும்பாலானவை இரண்டு பேர் அறைகள், அதுவும் இரண்டு மூன்று அறை வேண்டுமென்றால் ஆளுக்கொரு மூலையில்தான் கிடைக்கும். நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடிய ஓய்வுபெற்ற தம்பதிக்கு அது அருமையான வாய்ப்பு. லீவு எழுதிக் கொடுத்து, விசா வாங்கி, விமான டிக்கெட் எடுத்து வர வேண்டிய குடும்பத்துக்கு அல்ல. கப்பலில் மிச்சப்பட்டது விமானக் கட்டணத்தில் போய்விடும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் புக் செய்த பிறகும் விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கலாம், எப்படி என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் தீர்ந்துபோன நாலாவது படுக்கையை யாராலும் உண்டாக்கித் தர முடியாது.

நாங்க நாலு பேர். ஒரே ரூம்ல இருந்துக்கலாமா?

இருக்கலாம், அந்த அறை நாலு பேருக்கானதாக இருந்தால். கப்பல் அறைக்கு அடிப்படைக் கணக்கு இரண்டு பேர். மூன்றாவது, நாலாவது ஆளுக்குச் சோபாவைக் கட்டிலாக விரிப்பார்கள், அல்லது உட்கூரையிலிருந்து மடிப்புக் கட்டில் இறங்கும். எங்கள் முதல் பயணத்தில் பகலெல்லாம் வெறும் பலகை மாதிரி தெரிந்தது, இரவு உணவு முடித்து வந்து பார்த்தால் விரிப்பு போட்ட கட்டிலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன ஏணி. பெரியவள் அதில் ஏறினவள் காலையில் இறங்க மறுத்தாள். இந்த வசதி எல்லா அறையிலும் இருக்காது.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. படுக்கை இருந்தாலும் சில சமயம் அறை கிடைக்காது. ஒவ்வொரு அறையும் ஆபத்துக் காலத்தில் கூட வேண்டிய ஓர் இடத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கும் உயிர்காப்புப் படகுகளுக்கும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு, கைக்குழந்தையும் அதில் ஓர் ஆள். அந்தப் பகுதியில் மூன்றாம் நாலாம் ஆட்கள் நிறைந்துவிட்டால், மிச்ச அறைகளை இரண்டு பேருக்கு மட்டுமே விற்பார்கள். ‘ரூம் காலியா இருக்கு, படுக்கையும் இருக்கு, ஆனா தர மாட்டேங்கறான்’ என்று என் மச்சான் கொதித்தது இதனால்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்றால் 5,610 பயணிகள். அதிகபட்சம் 7,600 பேர் வரை ஏற்றலாம். நடுவில் இருக்கும் கிட்டத்தட்ட 2,000 இடத்துக்குத்தான் குழந்தை குட்டியோடு வரும் குடும்பங்கள் எல்லாம் போட்டி போடுகின்றன. அதுவும் அவ்வளவு பெரிய கப்பலில். சின்னக் கப்பல்களில் இந்த இடம் இன்னும் குறைவு. குடும்பங்கள் முன்கூட்டிப் புக் செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்கு விலையை விட இதுதான் பெரிய காரணம்.

பக்கத்து பக்கத்து ரூம் கேட்டேன், நடுவுல கதவு இல்லையே?

பக்கத்து அறை வேறு, உள்கதவு உள்ள இணைப்பு அறை வேறு. எங்கள் ஐந்து பேர் பயணத்தில் நானும் இதில்தான் ஏமாந்தேன். அடுத்தடுத்த எண்ணைப் பார்த்ததும் திருப்தியாகப் பணம் கட்டினேன். கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, சின்னவன் ராத்திரி அழுதால் தாழ்வாரம் வழியாகத்தான் ஓட வேண்டும் என்று. ஏழு ராத்திரியும் லுங்கியோடு தாழ்வாரத்தில் நடந்தேன்.

கப்பலின் தளப் படத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அறை எண்களுக்கு மேல் கடுகளவு குறிகள் இருக்கும். மூன்று பேர் அறைக்கு ஒன்று, நாலு பேர் அறைக்கு ஒன்று, இணைப்புக் கதவுக்கு ஒன்று. எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பது படத்தின் ஓரத்தில் இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இணைப்பு அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான். விற்பனை திறந்த முதல் மாதங்களிலேயே போய்விடும்.

ஜன்னல் ரூமா, பால்கனி ரூமா? எந்த மாடி நல்லது?

பொடிசுகள் இருந்தால் பால்கனிக்குப் பணம் கொட்ட வேண்டாம் என்பேன். கதவை எந்நேரமும் காவல் காக்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் ஜன்னல் உள்ள அறை இரண்டு எடுத்தால் இரண்டு குளியலறை கிடைக்கும், ஐந்து பேர் குடும்பத்துக்கு அதுதான் சொர்க்கம். ஜன்னலே இல்லாத உள் அறையில் மதியத் தூக்கம் பிரமாதமாக வரும், ஆனால் காலை எது ராத்திரி எது என்று தெரியாது.

தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேலும் கீழும் எந்தத் தளம் என்றும் பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி.

‘கியாரண்டி கேபின்’னு போட்டு விலை கம்மியா இருக்கே?

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அறையின் வகைக்குத்தான் உத்தரவாதம், எந்த எண், எந்தத் தளம் என்பதை நிறுவனம் பிறகு அதன் வசதிப்படி ஒதுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் உயர்ந்த வகையும் கிடைக்கலாம். இரண்டு அறை எடுக்கும் குடும்பம் இதைத் தொடவே கூடாது. பிள்ளைகள் ஒரு தளத்தில், நீங்கள் இன்னொரு தளத்தில் என்று முடியும். ஒரே அறையில் எல்லாரும், எங்கே போட்டாலும் சரி என்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

கட்டின பணத்துல எல்லாம் அடங்கிடுமா?

அறை, பொது உணவகங்களின் சாப்பாடு, நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் ஆகியவை அடங்கும். பெரும்பாலான கப்பல்களில் அடங்காதவை: பணியாளர்களுக்கான டிப்ஸ் (தலைக்கு, நாளுக்கு என்று குழந்தைக்கும் சேர்த்தே ஏறும்), வைஃபை, மதுவும் சில பானங்களும், சிறப்பு உணவகங்கள், கரையில் சுற்றிப் பார்க்கும் பயணங்கள். துறைமுகக் கட்டணமும் வரியும் சில இடங்களில் கடைசித் திரையில்தான் சேரும். மூன்றாவது நாலாவது ஆளுக்குச் சலுகை விலை, சில சமயம் இலவசம் என்றுகூட விளம்பரம் வரும். அப்போதும் அவர்களுக்கான வரியையும் டிப்ஸையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இந்தக் கூடுதல்களில் பலவற்றைக் கப்பல் ஏறுமுன் இணையத்திலேயே வாங்கினால் மலிவு. ஒரு வருடம் கையில் இருப்பதில் இதுவும் ஒரு லாபம், தள்ளுபடி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கைக்குழந்தையைக் கூட்டிட்டுப் போலாமா?

பெரும்பாலான நிறுவனங்களில் பயணம் தொடங்கும் நாளில் குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும். பெருங்கடலைக் கடக்கும் பயணங்களிலும், தொடர்ந்து பல நாள் கரையே தொடாத பயணங்களிலும் பன்னிரண்டு மாதம். டயபர் போட்ட குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்க அநேகமாக எங்கும் விட மாட்டார்கள். சில கப்பல்களில் அவர்களுக்கென்று தனித் தண்ணீர் விளையாட்டு இடம் உண்டு. குழந்தைகள் மன்றம் (கிட்ஸ் கிளப்) பொதுவாக மூன்று வயதிலிருந்து, அதுவும் கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகு. வயதைப் புக் செய்யும் நாளில் அல்ல, பயண நாளில் கணக்கிடுவார்கள். இன்றைக்கு இரண்டு வயதாக இருப்பவள் அடுத்த வருடம் மன்றத்துக்குப் போகலாம்.

மருமக மாசமா இருக்கா. இப்பவே புக் பண்ணா பிறக்கப்போற குழந்தைக்கு என்ன பண்றது?

இது என் பெரியம்மா கேட்டது, நல்ல கேள்வி. முதலில் தேதி. குழந்தை பிறந்த பிறகு போவதாக இருந்தால் முந்தைய பதிலில் சொன்ன வயதுக் கணக்கைப் போடுங்கள், பிரசவம் தள்ளிப்போகலாம் என்பதையும் சேர்த்து. பிறக்குமுன் போவதாக இருந்தால், பயணம் முடிவதற்குள் 24 வாரத்தைத் தொட்டுவிடும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

அடுத்தது இடம். ‘இப்போ ரெண்டு பேருக்கு எடுத்துட்டு, பிறந்தப்புறம் சேர்த்துக்கலாம்’ என்பது ஆபத்து. இரண்டு பேர் அறை என்றால் தொட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றாலும் விட மாட்டார்கள். மூன்று பேர் அறையாகவே இருந்தாலும் படகு வரம்பு நிறைந்திருக்கலாம். இன்றைக்கே மூன்று பேருக்கான அறையை எடுத்து, மூன்றாவது ஆளின் பெயரைப் பிறகு சேர்க்க வழி உண்டா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. திரையில் தேடினால் கிடைக்காது, போனில் கேட்க வேண்டும். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் நாளையும் கணக்கில் வையுங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. போதும்ல?

எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல நாடுகளும் பல கப்பல் நிறுவனங்களும் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பயணம் ஒரு வருடம் கழித்து என்றால் அப்போது உங்களிடம் மிஞ்சிப்போனால் ஆறு மாதம்தான் இருக்கும். புதுப்பித்துவிடுங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் குறைந்த காலத்துக்கே தரப்படும், அதை முதலில் பாருங்கள். புதுப்பித்தால் எண் மாறும், கப்பல் புக்கிங்கில் புது எண்ணைத் திருத்த மறக்காதீர்கள்.

பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டுத் துறைமுகத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஒரே நாட்டுக்குத்தானே போறோம், ஒரு விசா போதாதா?

கப்பல் நிற்கும் துறைமுகங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள், அதற்கு அப்புறம் பேசலாம். அலாஸ்கா நல்ல உதாரணம். சியாட்டிலில் ஏறி, அலாஸ்காவின் ஜூனோ, கெட்சிகன் ஊர்களைப் பார்த்து, சியாட்டிலிலேயே இறங்குவதால் எல்லாம் அமெரிக்காதான் என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவின் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் (அதாவது வெளிநாட்டில் பதிவான) கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். பெரிய கப்பல்களில் கிட்டத்தட்ட எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால் கனடாவின் விக்டோரியா மாதிரி ஓர் ஊரில் சில மணி நேரமாவது நிற்கும். அப்போது கனடாவின் விதியையும் பார்க்க வேண்டும், அமெரிக்காவுக்குள் இரண்டாம் முறை நுழைய உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மத்தியதரைக் கடலிலும் இதே கதை. ஷெங்கன் நாட்டில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில்) ஏறி, நடுவில் துருக்கியைத் தொட்டுத் திரும்பினால் ஷெங்கனுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். அதாவது ஒரு வருடம் முன்பு புக் செய்பவர் விசா கையில் இல்லாமல்தான் புக் செய்கிறார். திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டை நான் வலியுறுத்த இதுவும் ஒரு காரணம்.

தாத்தா பாட்டி பேரப் பிள்ளைகளை மட்டும் கூட்டிட்டுப் போலாமா?

போகலாம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் வேண்டும். பிள்ளைக்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டால் முடிவெடுக்கும் அனுமதியும் அதில் இருக்கட்டும். தாத்தாவுக்குச் சக்கர நாற்காலி தேவை என்றால் அகலக் கதவுள்ள அறையை விற்பனை திறந்ததும் எடுங்கள். கப்பலுக்குக் கொஞ்சம்தான் உண்டு.

புக் பண்ணி மூணு மாசத்துல விலை குறைஞ்சிடுச்சு. ஏமாந்துட்டேனா?

இல்லை. மீதிப் பணத்துக்கான கடைசித் தேதி வரும்வரை உங்கள் கை ஓங்கியே இருக்கிறது. அதே அறை வகை, அதே பயணம் குறைந்த விலையில் வந்தால் நிறுவனத்துக்கோ ஏஜென்டுக்கோ போன் செய்து புது விலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பலர் மாற்றித் தருகிறார்கள். திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்றால் ரத்து செய்து புதிதாகவும் எடுக்கலாம், ஆனால் புது அறை கையில் உறுதியான பிறகே பழையதை விடுங்கள். மாற்றுமுன் பழைய புக்கிங்கில் கிடைத்த இலவச வைஃபை, கப்பலில் செலவழிக்கத் தரும் தொகை போன்றவை போய்விடுமா என்று கேளுங்கள். விலை குறைந்து, சலுகை போய், மொத்தத்தில் கூடிப்போன கதை எனக்கே நடந்திருக்கிறது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தத் தொழிலில் சலுகைகள் குவியும் காலம். அப்போது வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்.

நாலு பேர்ல ஒருத்தர் வர முடியலன்னா அவர் பங்கு திரும்ப வருமா?

கடைசித் தேதிக்கு முன்பு என்றால் பெரிய சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு, பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் முழுப் பணமும் போய்விடும்.

இதில் இன்னொரு முடிச்சு. முதல் இரண்டு ஆட்கள்தான் முழு விலை கட்டுகிறவர்கள். அதில் ஒருவர் விலகினால், சலுகை விலையில் இருந்த மூன்றாவது ஆள் இரண்டாம் இடத்துக்கு ஏறி முழு விலைக்கு வந்துவிடுவார். ஆக, குறைவது சலுகை விலை மட்டுமே. இரண்டு பேர் அறையில் ஒருவர் விலகினால் மிஞ்சியவர் தனி ஆள் கட்டணமாகக் கிட்டத்தட்ட இரட்டிப்பு கொடுக்க நேரிடலாம்.

இதற்குத்தான் பயணக் காப்பீடு. டெபாசிட் கட்டிய சில நாட்களிலேயே எடுங்கள், கிளம்பும் வாரத்தில் எடுத்தால் ரத்துக்கான பாதுகாப்பு இருந்தும் பயனில்லை. பெரியவர்களின் சர்க்கரை, இதய நோய் போன்றவற்றை மறைக்காமல் எழுதுங்கள். கப்பலிலிருந்து ஆளை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவும் அடங்குமா என்று பாருங்கள். கப்பல் மருத்துவமனை உண்டு, ஆனால் அது தனிப் பில்.

ஒரு வருஷம் காத்திருந்து, கம்பெனியே கேன்சல் பண்ணிட்டா?

நடக்கும். மொத்தக் கப்பலையும் யாராவது வாடகைக்கு எடுக்கலாம், பழுதுபார்க்கும் தேதி மாறலாம், கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கப்பல் தாமதமாகலாம். அப்போது கட்டிய பணத்தைத் திருப்புவார்கள், அல்லது வேறு தேதி தருவார்கள். உங்கள் விமான டிக்கெட்டுக்கு அவர்கள் பொறுப்பேற்பது நிச்சயமில்லை. அதனால் விமான டிக்கெட்டைக் கப்பலோடு சேர்த்து அவசரமாக வாங்காதீர்கள், அல்லது மாற்றக்கூடியதாக வாங்குங்கள். புதுக் கப்பலின் முதல் பயணத்தைக் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரு துறைமுகத்தை மட்டும் விட்டுவிட்டுப் போவது வேறு. வானிலைக்காக அப்படிச் செய்ய ஒப்பந்தமே இடம் கொடுக்கிறது. கரீபியன் பக்கம் போகிறவர்கள் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம் என்று தெரிந்தே போக வேண்டும். ஒரே ஒரு தீவைப் பார்ப்பதற்காகவே பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நேரா கம்பெனிகிட்ட எடுக்கறதா, ஏஜென்டா?

ஓர் அறை, சிக்கல் இல்லாத குடும்பம் என்றால் நேரடியாக. இரண்டு மூன்று அறை, இணைப்புக் கதவு, சக்கர நாற்காலி, பிறக்காத குழந்தை என்று போனால் கப்பல் தெரிந்த ஏஜென்ட் நல்லது. அவருக்குக் கமிஷன் தருவது நிறுவனம், உங்களுக்கு விலை பொதுவாக அதேதான். ஆனால் புக்கிங் அவர் கையில் இருப்பதால் விலை மாற்றம், ரத்து எல்லாம் அவர் வழியாகத்தான். போனை எடுக்காத ஏஜென்டை விட ஏஜென்ட் இல்லாமலே இருக்கலாம்.

எட்டு அறை, பதினாறு பேர் அளவுக்குச் சொந்தபந்தம் சேர்ந்தால் குழுவாகப் பதிய முடியுமா என்று கேளுங்கள், தனிச் சலுகை உண்டு. அதற்குக் குறைவாக இருந்தாலும் எல்லா புக்கிங் எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஒன்பது பேர் பயணத்தில் அதைச் செய்யாமல் விட்டதால், என் மாமியார் முதல் நாள் இரவு முன் பின் தெரியாத ஆறு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் எங்கள் மேசைக்கு வரச் சொன்னபோது, ‘அவங்க நல்லாத்தான் பேசறாங்க, நான் அங்கேயே இருக்கேன்’ என்று சொல்லிவிட்டார்.